துணைக்கு ஒரு டாக்டர்

அத்தையை ஏரலிலிருந்து திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள் என்று போன் வந்ததும் அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பிளாஸ்கைக் கழுவிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவ்வளவுதான் உத்தரவு.

அப்போது நான் டாக்டர். அதாவது ஊருக்கு டாக்டர். சட்டப்படி ஒன்றுமில்லை. கிர்கிஸ்தானில் பனிக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவே மருத்துவம் படித்து முடித்தேன். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இங்கே வைக்கும் தகுதித் தேர்வை முதல் தடவை கோட்டைவிட்டு, இரண்டாம் தடவை பிடித்தேன். பிறகு ஹவுஸ் சர்ஜன் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். ஏதாவது ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அந்தப் பயிற்சியை முடித்தால்தான் முழுப் பதிவு கிடைக்கும். அதுவரைக்கும் ஒரு காய்ச்சலுக்குக்கூட நான் மாத்திரை எழுதக் கூடாது. எங்களைப் போன்றவர்களுக்கு ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் ஒதுக்கியிருக்கும் இடம் கொஞ்சம், வரிசையோ நீளம். முறை வரும்போது சென்னைக்குக் கூப்பிடுவார்கள். நேரில் போய் நின்று, மிச்சமிருக்கும் இடங்களில் ஒன்றைச் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அங்கே இல்லாவிட்டால் முறை போயிற்று. அடுத்த சுற்று எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அதனால் நான் போனோடு வாழ்ந்தேன். குளிக்கும்போது அது ஜன்னல் விளிம்பில் இருக்கும். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ் ஏறினால் கண்டக்டர் அண்ணாச்சி டிக்கெட்டைக் கிழிப்பதற்கு முன்னால், "என்ன டாக்டரம்மா, ஊசியக் கையில குடுத்துட்டாங்களா?" என்பார். "இன்னும் இல்லண்ணாச்சி" என்று சொல்லிச் சொல்லி, பிறகு தலையை மட்டும் ஆட்டப் பழகினேன். கை மறந்துவிடக் கூடாதே என்று வீட்டில் கத்தரிக்காயைக் கீறி நூலால் தைத்துப் பழகுவேன். ஒருநாள் குழம்பில் அப்பாவின் பல்லுக்கிடையில் நூல் மாட்டியது. "ஏட்டி, தச்சது போக மிச்சத்தையாவது எங்களுக்கு உடு" என்றாள் அம்மா. மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் மூவரும் என் போனைப் பார்த்தோம்.

இந்தக் காத்திருப்பில்தான் குடும்பம் என் பயனைக் கண்டுபிடித்தது. பெண்கள் வார்டில் துணைக்கு ஆம்பளைகளை விடமாட்டார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு பெண், ஒரு பாஸ். அம்மாவுக்கு அங்கன்வாடி வேலை, நினைத்தபோது லீவு கிடைக்காது. மற்ற பெண்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், கறவை மாடு, தறுதலைப் புருசன் என்று ஆளுக்கொரு காரணம் உண்டு. என்னிடம் காரணம் இல்லை. "அவ சும்மாதான இருக்கா, படிச்சவளும்கூட" என்று முதலில் சித்தியின் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு அனுப்பினார்கள். அப்புறம் அம்மாவின் சிநேகிதிக்கு. அப்புறம் அந்தச் சிநேகிதியின் நாத்தனாருக்கு. ஆறு வருடம் ஸ்டெதாஸ்கோப்போடு நடக்கக் கனவு கண்ட ஆஸ்பத்திரி வராந்தாவில் பாயும் வாளியும் பிளாஸ்குமாக நடந்தேன். எந்த லிப்ட் ஓடாது, ஸ்கேன் ரிப்போர்ட்டை எந்த ஜன்னலில் தருவார்கள், எந்தக் குழாயில் குடிக்கிற தண்ணீர் வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, "அட்டெண்டர் எல்லாம் வெளிய போங்கம்மா" என்று நர்ஸ் குரல் கொடுப்பார். உள்ளே என் வயதுக்காரர்கள் வெள்ளைக் கோட்டில் நின்று கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிப்பார்கள். எனக்குப் பதில் தெரியும். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு உதட்டுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அத்தை வந்தது காலில் புண்ணோடு. சர்க்கரை வியாதிக்காரி. பெருவிரலில் செருப்பு கடித்த காயத்தை மஞ்சள் பற்றுப் போட்டு, சேலைக் கரையை இறக்கி மறைத்துக்கொண்டே வீட்டுக்குள் நடந்திருக்கிறாள். கண்டுபிடித்தது அவள் மருமகள். என் அத்தானின் மனைவி என்பதால் நான் அவளை அக்கா என்பேன். அக்கா அதைப் பார்த்ததும் வீடு அதிரச் சத்தம் போட்டு, அத்தானைக் கடையிலிருந்து வரவழைத்து, தெருவைக் கூட்டி, ஏரல் டாக்டரிடம், "அல்வாவை ஒளிச்சு வச்சுத் திங்காவ டாக்டர், மாத்திரையைத் தொட்டிக்குள்ள போடுதாவ" என்று அத்தனையையும் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதைத்தான் அத்தையால் மன்னிக்க முடியவில்லை.

"என்னைக் காட்டிக் குடுத்தவ கையால ஒரு சொட்டுத் தண்ணி எனக்கு வேண்டாம்" என்று ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே சொன்னாள். அக்கா வாசலோடு ஏரலுக்குத் திரும்பிவிட்டாள். பாஸ் என் கைக்கு வந்தது.

விரலை எடுத்துவிட்டார்கள். அத்தை அதற்கு அழவில்லை. மறுநாளே தலையை வாரிக் கொண்டை போட்டுக்கொண்டு, கட்டில் கட்டிலாக விசாரிக்க ஆரம்பித்தாள். அதோடு என்னையும் விநியோகித்தாள்.

"இவ யாருன்னு நெனச்சிய? டாக்டரு. என் தம்பி மக. வெளிநாட்டுல படிச்சவ. எனக்காகத் துணைக்கு வந்து கெடக்கா."

"அத்தை, சொல்லாதிய. நான் இன்னும் பதிவு பண்ணல்ல."

"பதிவு கெடக்கட்டும். கலியாணத்தப் பதிவு பண்ணாதவ எல்லாம் பிள்ள பெறலியா?"

வார்டே சிரித்தது. மத்தியானம் டாக்டர்கள் போன பிறகு ஒவ்வொருத்தியாக ஸ்கேன் படத்தோடு வர ஆரம்பித்தார்கள். நான் படித்துச் சொன்னேன். "பித்தப்பையில கல்லு, பயப்பட ஒண்ணுமில்ல, பெரிய டாக்டர்ட்ட இதைக் கேளுங்க" என்று சொன்னேனே தவிர, மருந்துப் பேச்சு பேசவில்லை. விண்ணப்பத்தோடு, அனுமதி வருகிறவரை எங்கும் வைத்தியம் பார்க்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். யாரோ ஒரு பையன் ஒரு கிளினிக்கில் மாலை நேரம் உட்கார்ந்தான், அதை யாரோ போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள், அவன் விண்ணப்பம் அப்படியே நிற்கிறது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு ஓடியது. உண்மையோ பொய்யோ, எனக்கு அது போதுமானதாக இருந்தது. வார்டில் எல்லார் கையிலும் போன் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் திருச்செந்தூர்க்காரி ஒருத்தி. கோயில் பக்கம் வளையல் கடை வைத்திருக்கிறவள். அவளுக்குத் துணையாக அவள் தங்கச்சி. இரண்டு பேருக்கும் என் மேல் அவ்வளவு பிரியம். பனங்கற்கண்டும் சுக்குக் கருப்பட்டியும் தந்துகொண்டே இருப்பார்கள். ஒரு மத்தியானம் அந்தத் தங்கச்சி கத்தினாள்.

"டாக்டரம்மா, ஓடி வாங்க! ரத்தம் மேல ஏறுது!"

குளுக்கோஸ் பாட்டில் காலியாகியிருந்தது. குழாயில் ரத்தம் ஒரு சாண் பின்னால் ஏறியிருந்தது. பார்க்கிறவர்களுக்குப் பயமாகத்தான் இருக்கும். குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டி மூடினால் போதும். வார்டில் துணைக்கு இருக்கிற எந்தப் பெண்ணும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. என் கை போய்விட்டது. போன கை பாதியில் நின்றது. எதிர்க் கட்டிலில் ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். சிக்னல் தேடிக்கொண்டிருந்தாளோ என்னவோ. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நான் தொட மாட்டேங்க்கா. நீங்களே அந்தச் சக்கரத்தக் கீழ உருட்டுங்க. நான் நர்ஸைக் கூட்டியாரேன்."

நர்ஸோடு நான் திரும்பி வருவதற்குள் அவள் அதை உருட்டியிருந்தாள். புது பாட்டிலை மாட்டிவிட்டு நர்ஸ் போனார். வார்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் தொட மாட்டிய?" என்று கேட்டாள் தங்கச்சி. "எங்க கட்டில்ல கை வச்சா ஒங்களுக்குத் தீட்டா?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. எனக்காகப் பரிந்துகொண்டு அத்தை அதற்குள் பேசிவிட்டாள்: "படிச்ச பிள்ள, அவ எல்லாரையும் தொட்டுக்கிட்டு இருப்பாளா?"

அதற்குப் பிறகு நான் சட்டத்தை எவ்வளவு விளக்கினாலும் யார் கேட்பார்கள்? ஒரு சாதாரணத் துணையாளாக வந்திருந்தால் அந்தச் சக்கரத்தை உருட்டியிருப்பேன். டாக்டராக இருந்தாலும் உருட்டியிருப்பேன். இரண்டுமாக இருந்ததால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "படிச்சு முடிச்சவளுக்கு இன்னொருத்தன் எதுக்கு அனுமதி குடுக்கணும்?" என்று கேட்டாள் வளையல் கடைக்காரி. நல்ல கேள்வி. இரவெல்லாம் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதன்பிறகு ஸ்கேன் படங்கள் வரவில்லை. பனங்கற்கண்டும் நின்றது. நான் நடந்து போனால் காலை இழுத்துக்கொள்வார்கள். எனக்கு வழிவிடுவது போலவும் இருக்கும், ஒதுங்குவது போலவும் இருக்கும்.

வார்டில் ஒரே ஒரு ஜன்னல் பக்கம்தான் சிக்னல் கிடைக்கும். மறுநாள் காலையில் அங்கே நின்று போனைத் தூக்கிப் பிடித்தபோது செய்தி வந்து விழுந்தது. நாளை மறுநாள் காலை, அசல் சான்றிதழ்களோடு, சென்னையில்.

எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. ஓடி வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தை என் கன்னத்தைக் கிள்ளிச் சந்தோஷப்பட்டாள். பிறகு, "அப்பம் இங்கன யாரு இருப்பா?" என்றாள்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். அவரும் அதையேதான் கேட்டார்.

"அக்காவைக் கூப்பிடுங்கப்பா."

"நீ வேற. அவ வந்தா ஒங்க அத்தை கட்டுப் பிரிக்கவிடுவாளா? கஞ்சி குடிப்பாளா? சர்க்கரை ஏறிக் கெடக்கிற நேரத்துல. ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லி அவங்ககிட்டக் கேட்டுப் பாரேன்ட்டி."

"அதெல்லாம் கேக்க முடியாதுப்பா."

"இரு, ஜங்ஷன்ல கடை வச்சிருக்க நம்ம அண்ணாச்சிக்கு மெட்ராஸ்ல ஆளு தெரியும். ஒரு வார்த்தை சொன்னா எடத்த எடுத்து வச்சிருவாங்க."

அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்தியவர். இதைச் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை, மனதார நம்பினார். எங்கள் ஊர் டவுன் பஸ்சில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால், போட்டவர் டீ குடித்துவிட்டு வந்து உட்காரலாம். அதை எடுத்து எறிய எவனுக்கும் மனசு வராது. உலகத்தில் எல்லா இடங்களும் அப்படித்தான் என்பது அவர் எண்ணம். சாயங்காலம் அவரே திரும்பக் கூப்பிட்டு, "சொல்லியாச்சு, துண்டு போட்டாச்சுன்னு வச்சுக்கோ. நீ நிம்மதியா அத்தையப் பாரு" என்றார். அவர் குரலில் அவ்வளவு நிம்மதி.

அப்போதுதான் பயம் வந்தது. கோபம் வந்திருந்தால் கத்தியிருப்பேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. எல்லாரும் என் மேல் பிரியமாக இருந்தார்கள். பார்வை நேரம் முடிந்து கம்பிக் கதவை இழுத்துப் பூட்டும் சத்தம் கேட்டது. இந்தச் சுற்றைத் தவறவிட்டால் அடுத்தது வருகிறவரை இந்த வார்டிலேயே, ஒவ்வொரு கட்டிலாக, ஒவ்வொரு சொந்தக்காரியாக நான் இருந்துகொண்டிருப்பேன் என்று தோன்றியது. யாருக்கும் அது கொடுமையாகப் படாது. "எங்க வீட்டு டாக்டரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஜன்னலுக்குப் போய் ஏரலுக்குப் போன் போட்டேன். யாரையும் கேட்கவில்லை.

"அக்கா, நாளைக்கிக் காலையில வருவியளா? நான் மெட்ராஸ் போவணும்."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "அவிய என்னை வரச் சொன்னாவளா?"

"இல்லக்கா."

"ஒங்க அப்பா சொன்னாவளா?"

"இல்ல. நாந்தான் சொல்லுதேன்."

பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது. "அவிய தட்டத் தூக்கி எறிஞ்சா நான் திருப்பி எறிவேன், பாத்துக்கோ."

"எறிங்கக்கா. பாயை மட்டும் மறக்காமக் கொண்டுவாங்க."

மறுநாள் அவள் முதல் பஸ்சிலேயே வந்துவிட்டாள். பாய், போர்வை, தூக்குவாளி, தலையில் பிச்சிப்பூ. கல்யாணத்துக்குப் போகிறவளைப் போல வந்து கதவில் நின்றாள். வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் பாஸைக் காட்டி ஆளை மாற்றிக்கொண்டேன். அக்காவைப் பார்த்ததும் அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

"இவள யாரு கூப்புட்டா?"

"நான்தான் அத்தை."

"நீ போ. ஒனக்கு ஒன் சோலி. நான் இங்கன செத்துப் போறேன்."

"சாவுறதுன்னா கஞ்சியக் குடிச்சிட்டுச் சாவுங்க" என்றாள் அக்கா, தூக்குவாளியைத் திறந்துகொண்டே. "வெறும் வயித்துல மாத்திரை போடக் கூடாது."

அத்தை திரும்பவில்லை. நான் அவள் முதுகைப் பார்த்து, "போயிட்டு வாரேன் அத்தை" என்றேன். வளையல் கடைக்காரியின் தங்கச்சி மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போங்க, போங்க. தொட அனுமதி வாங்கிட்டு வாங்க" என்றாள். அது குத்தலா வாழ்த்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாக எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. "அண்ணாச்சிட்டச் சொல்லி வச்சேனே" என்றார், அவமானப்பட்டவர் போல. ஸ்டேஷனுக்கு வந்து என்னை ரயிலேற்றியது அவர்தான். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "திருநெல்வேலி கெடைக்கும். பக்கத்துலேயே இருந்துக்கிடலாம். எல்லாருக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ரயில் நகர்ந்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் என்னோடு வந்தது.

சென்னையில் கூடம் நிறைய என்னைப் போன்றவர்கள். ஆளுக்கொரு நாட்டில் படித்துவிட்டு வந்து, ஒரே மாதிரி பைல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, முன்னால் திரையில் இடங்கள் குறைந்துகொண்டே வந்தன. திருநெல்வேலி மறையாமல் இருக்க வேண்டும் என்று விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் முறைக்குக் கொஞ்சம் முன்னால் போன் அதிர்ந்தது. அக்கா.

"கட்டுப் பிரிக்கும்போது என் கையத் தட்டி விடுதாவ. நீ வந்து ரெண்டு வார்த்தை சொல்லு, அப்பம்தான் விடுவாவளாம்."

"அக்கா, நான் மெட்ராஸ்ல இருக்கேன்."

"தெரியும். எப்பம் திரும்புவ? நாளைக்கி வந்துருவல்லா?"

என் பெயரைக் கூப்பிட்டார்கள். போனை அணைத்தேன். மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி என் பைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிரித்த முகமாக, "உங்க ஊரே இருக்கும்மா. திருநெல்வேலி ஒண்ணு இருக்கு. போட்டுறவா?" என்றார்.

"ஆமா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தனை மாதம் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் கண்ணுக்குள் வந்தது வெள்ளைக் கோட்டில் நான் நிற்கிற காட்சி இல்லை. வெள்ளைக் கோட்டுப் பையில் அத்தையின் பாஸ், சித்தியின் ஸ்கேன் ரசீது, அம்மாவின் சிநேகிதி கொடுத்துவிட்ட தூக்குவாளி. நான் அங்கே பயிற்சி டாக்டராக இருக்க மாட்டேன். குடும்பத்துக்கே நிரந்தரத் துணையாளாக இருப்பேன், சம்பளத்தோடு.

"தர்மபுரி இருக்கா சார்?"

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இருக்கு. ஏம்மா, அங்க சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமே இல்ல சார்" என்றேன். எனக்கே கேட்கிற அளவுக்குச் சந்தோஷமாகச் சொன்னேன்.

வெளியே வெயிலில் வந்து நின்றபோது சந்தோஷம் இல்லை. கையில் ஒதுக்கீட்டுத் தாள் இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன்.

"திருநெல்வேலி முடிஞ்சு போச்சோ?" என்றார், ஊர்ப் பெயரைக் கேட்டதும். என்னை ஆறுதல்படுத்த அவர் தயாராக இருந்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும்.

"இருந்துச்சுப்பா. நாந்தான் எடுக்கல்ல."

"ஒங்க அத்தைகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிக்கோ" என்று வைத்துவிட்டார்.

அக்காவுக்குப் போட்டேன். ஜன்னல் பக்கம் போய் எடுத்தாள் போல. வார்டு இரைச்சல் முழுவதும் கூடவே வந்தது. சொன்னேன். அவள் திரும்பி உரக்கச் சொன்னாள்: "தர்மபுரியாம்! திருநெல்வேலி வேண்டாம்னுட்டாளாம்!"

தூரத்திலிருந்து அத்தையின் குரல். என்னவென்று பிடிபடவில்லை.

"என்ன சொல்லுதாவ?"

"ஒன்கூட இனிமே பேச மாட்டாவளாம்."

மறுபடி அத்தையின் குரல், இந்த முறை நீளமாக.

"தர்மபுரி எங்கன கெடக்குன்னு கேக்காவ. ரயிலு போவுமான்னு கேக்காவ." அக்கா போனை மூடாமலே அந்தப் பக்கம் திரும்பினாள். "ஏன், போயிப் பாக்கப் போறியளா? முதல்ல காலக் காட்டுங்க. அசையாதிய, பைய, பைய... ஆமா, நீங்க பேசல்லன்னு சொல்லிட்டேன். எத்தன தடவ சொல்ல? காலக் காட்டுங்க அத்தை."

கட்டைப் பிரிக்கிறார்கள் என்று புரிந்தது. போனை அப்படியே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் வைதுகொண்டிருந்தார்கள், இடையிடையே என்னையும். சென்னை ரோட்டோரத்தில் நின்று, காதிலிருந்து போனை எடுக்க மனமில்லாமல், சார்ஜ் தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.